அற்புத மங்கையும் அவளை ஆக்கியோரும்

1941ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் பத்திரிகைக் கடைகளில் பத்துச் சதம் விலையுள்ள ஒரு சித்திரக்கதைச் சஞ்சிகை விற்பனைக்கு வந்தது. 'ஓல் ஸ்டார் கொமிக்ஸ்' என்னும் அச்சஞ்சிகையின் எட்டாவது இதழ் அது. அதன் உள்ளே, ஒன்பது பக்க அளவில், புதியதொரு கதை தொடங்கியிருந்தது. அதன் தலைவி ஒரு பெண். இதழின் அட்டையில் அவளுடைய உருவம் இல்லை. ஆயினும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் மறவாதிருக்கும் ஒரு பாத்திரத்தின் பிறப்பு அவ்வாறுதான் நிகழ்ந்தது. 'வொண்டர் வுமன்' என்பது அவள் பெயர். தமிழில் அற்புத மங்கை எனலாம்.

சித்திரக்கதை உலகில் முதன்முதல் தோன்றிய வீராங்கனை இவளே என்று பலர் கூறுவர். அது பொருந்தாது. 1940இல் 'பான்டோமா' என்னும் கானகத்து மாயப் பெண் தோன்றிவிட்டாள். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் டார்ப்பி மில்ஸ் என்னும் பெண் ஓவியர் 'மிஸ் பியூரி' என்னும் வீராங்கனையைப் பத்திரிகைகளில் வரையத் தொடங்கிவிட்டார். அவர்களெல்லாம் சில காலம் ஒளிர்ந்து மறைந்தனர். 1938இல் வந்த சூப்பர்மன், 1939இல் வந்த பாட்மன் ஆகிய இருவருடனும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவளாய் நிலைத்து நின்றவள் அற்புத மங்கை ஒருத்தியே. அவள் நிலைத்ததற்குக் காரணத்தை அவளுடைய பலத்திலே தேடுவதைவிட, அவளை ஆக்கியோரின் வாழ்விலே தேடுவது பொருத்தமாகும்.

முதலிற் கதையைச் சுருக்கமாகக் காண்போம். பழைய கிரேக்கக் கதைகளில் வரும் அமசோன் என்னும் வீரப் பெண்கள், ஹெர்க்குலிசின் வஞ்சகத்தாற் சிறைப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்று, ஆடவர் காலடி படாத ஒரு தீவிலே குடியேறுகின்றனர். அல்லியரசாணி கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இத்தகைய நாடு பெரிதும் புதுமையாகத் தோன்றாது. அத்தீவின் அரசி ஹிப்பொலிட்டா களிமண்ணாற் பெண் மகவொன்றை வனைகிறாள்; அப்ரொடைட்டி என்னும் தேவி அதற்கு உயிரளிக்கிறாள். தந்தையின்றிப் பிறந்த அம்மகவுக்கு டயானா என்று பெயர். வளர்ந்து நிற்கும் அவளுடைய தீவிலே ஸ்டீவ் ட்ரெவர் என்னும் அமெரிக்கப் படை வீரனின் விமானம் வீழ்கிறது. அவனை அவனுடைய நாட்டிற் சேர்ப்பதற்கும், கொடுங்கோன்மைக்கெதிரான போரில் உதவுவதற்கும் தகுந்தவள் யார் என அறியப் போட்டி நடக்கிறது. தாய் தடுத்தும் முகமூடியணிந்து கலந்துகொண்ட டயானா, துப்பாக்கிக் குண்டுகளைக் கைக்காப்புகளால் தடுத்து வெற்றி பெறுகிறாள். அமெரிக்கா வந்ததும், தன்னைப் போன்ற தோற்றமும் தன்னுடைய பெயரும் உடைய ஒரு தாதியிடம் பணங் கொடுத்து, அவளுடைய ஆள் அடையாளத்தை வாங்கிக்கொள்கிறாள். அந்தத் தாதிக்கோ தென் அமெரிக்காவிலுள்ள காதலனிடஞ் செல்வதற்குப் பணந் தேவைப்பட்டது. வீராங்கனையின் மறுவேடம் இவ்வாறு ஒரு வியாபாரத்திலே தொடங்குவது கதையின் சுவையான பகுதிகளுள் ஒன்று.

இக்கதைக்குக் கீழே 'சாள்ஸ் மோல்டன்' என்னும் பெயர் காணப்பட்டது. அப்படி ஒருவர் இருக்கவில்லை. உண்மையான ஆசிரியர் கலாநிதி வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்னும் உளநூலறிஞர். தம் பெயரின் நடுப்பகுதியையும், பதிப்பாளராகிய மக்ஸ்வெல் சாள்ஸ் கெயின்ஸ் என்பாரின் பெயரின் நடுப்பகுதியையும் இணைத்து அப்புனைபெயரை அவர் அமைத்துக்கொண்டார்.

மார்ஸ்டன் 1893இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தவர். 1911ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் புதிய மாணாக்கராகச் சேர்ந்தார். அந்த மாரிகாலத்தில் அங்கு ஒரு சர்ச்சை எழுந்தது. பிரித்தானிய மாதர் வாக்குரிமை இயக்கத்தின் தலைவி எமலின் பாங்கேர்ஸ்ட் அம்மையாரை மாணவர் குழுவொன்று பேச அழைத்திருந்தது. பல்கலைக்கழக நிருவாகமோ தன் மண்டபத்தில் அவர் பேசுவதற்கு இடந்தர மறுத்தது. அம்மையார் வெளியே, அண்மையிலிருந்த வேறொரு மண்டபத்திற் பேசினார். அவருடைய இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள், இலண்டனில் அரசாங்கக் கட்டடங்களின் இரும்புக் கிராதிகளில் தம்மைத் தாமே சங்கிலியாற் பிணைத்து நின்று உரிமை கேட்டவர்கள். சங்கிலியிற் பிணைபட்ட பெண், அதை அறுத்தெறியும் பெண் என்னும் இவ்விரு உருவங்களும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அற்புத மங்கையின் கதைகளிற் பக்கத்துக்குப் பக்கம் வருவதைக் காணலாம்.

ஹாவார்டிலே மார்ஸ்டன் மேற்கொண்ட ஆராய்ச்சி விசித்திரமானது. எலிசபெத் ஹொலோவே என்னும் பெண்ணை அவர் 1915இல் மணந்தார். கோபமோ பரபரப்போ உண்டாகும்போது தம்முடைய இரத்த அழுத்தம் உயர்வதாகத் தெரிகிறது என்று எலிசபெத் கூறியதே அவ்வாராய்ச்சிக்கு வித்தாயிற்று என்பர். பொய் சொல்பவனுக்கு அது வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சம் உள்ளூர உண்டு. அவ்வச்சம் இதயத் துடிப்பின் வேகத்தை மாற்றி இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே, வினாக்களுக்கிடையே விட்டுவிட்டு அழுத்தத்தை அளந்தாற் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்பது மார்ஸ்டனின் கொள்கை. பொய்யறி கருவியைக் கண்டுபிடித்தவர் அவர் என்று இன்றும் எழுதுவோர் உளர். அது முழு உண்மையன்று. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தொடர்ச்சியாகப் பதிவு செய்யும் கருவியை 1921இல் கலிபோர்னியாவிலே அமைத்தவர் ஜோன் லார்சன். மார்ஸ்டனுடையது அதற்கு முந்திய ஒரு சோதனை முறை மாத்திரமே.

அச்சோதனை நீதிமன்றம் வரை சென்றது. கொலைக் குற்றஞ் சாட்டப்பட்ட ஜேம்ஸ் பிரை என்னும் கறுப்பின இளைஞர், முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பின்னர் மறுத்திருந்தார். மார்ஸ்டன் அவரைச் சோதித்து, மறுப்பே உண்மை என்று முடிவு செய்தார். 1922இல் வாஷிங்டனில் நடந்த விசாரணையில் நீதிபதி அச்சாட்சியத்தை ஏற்க மறுத்துவிட்டார். பிரை குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். 1923இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதி செய்தது. ஒரு விஞ்ஞான முறை அத்துறை அறிஞரிடையே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரே நீதிமன்றில் இடம்பெறலாம் என்று அன்று வகுக்கப்பட்ட விதி, 1993 வரை அமெரிக்க மத்திய நீதிமன்றங்களை வழிநடத்தியது. சில மாநிலங்களில் இப்போதும் வழங்குகிறது. மார்ஸ்டனின் பெயர் சட்ட நூல்களில் நிலைத்தது இவ்வாறு ஒரு தோல்வியின் மூலமாகவே. 2003இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வுக் குழுவும் பொய்யறி கருவியின் அடிப்படை வலுவற்றது என்றே கூறிற்று.

அதன் பின்னர் அவருடைய வாழ்வு ஏறியும் இறங்கியும் சென்றது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1928இல் நியூயோர்க் நகரத் திரையரங்கு ஒன்றில், பொன்னிறக் கூந்தற் பெண்கள் அதிகம் உணர்ச்சிவசப்படுபவரா, கருங்கூந்தற் பெண்களா என்று இரத்த அழுத்தத்தை அளந்து காட்டினார். விளம்பரத்துக்காகச் செய்யப்பட்ட அவ்வேலையை ஆராய்ச்சி என்று சொல்லுவது கடினம். 1937இல் பத்திரிகையாளரை அழைத்து, ஆயிரம் ஆண்டுகளில் உலகைப் பெண்களே ஆளுவர் என்றார். வேடிக்கையாகவே அச்செய்தி அச்சேறியது. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சித்திரக்கதைகள் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் 1940இல் அமெரிக்காவில் ஓங்கியது. அப்போது 'பமிலி சேர்க்கிள்' என்னும் குடும்பச் சஞ்சிகையில் ஒரு செவ்வி வெளிவந்தது. ஒலிவ் ரிச்சர்ட் என்னும் எழுத்தாளர், புகழ்பெற்ற உளநூலறிஞர் மார்ஸ்டனின் இல்லத்துக்குச் சென்று, சித்திரக்கதைகளைப் பற்றி அவருடைய கருத்தை வினவி எழுதியதாக அது அமைந்திருந்தது. அவற்றால் நன்மையும் உண்டு என்று மார்ஸ்டன் கூறியிருந்தார். அதைக் கண்ட பதிப்பாளர் கெயின்ஸ் அவரைத் தம் ஆலோசகராக அமர்த்திக்கொண்டார். அன்பையும் வீரத்தையும் ஒருங்கே உடைய ஒரு புதிய வீரனைப் படைக்கலாம் என்று மார்ஸ்டன் எண்ணியபோது, அவ்வீரன் பெண்ணாக இருக்கட்டும் என்றவர் எலிசபெத் என்பது குடும்பத்தினர் கூறும் வரலாறு. 1941 பெப்ரவரியில் முதற்கதை பத்திராதிபர் செல்டன் மேயரிடம் சென்றது. 'சுப்ரீமா' என்று மார்ஸ்டன் இட்டிருந்த முன்பெயரை மேயர் வெட்டிவிட்டார்.

இங்கே ஒரு திரையை விலக்கவேண்டும். அச்செவ்வியை எழுதிய ஒலிவ் ரிச்சர்ட், மார்ஸ்டனின் வீட்டுக்கு விருந்தாளியாகச் சென்றவர் அல்லர், அவ்வீட்டிலேயே வாழ்ந்தவர். ஒலிவ் பேர்ன் என்பது அவருடைய இயற்பெயர். 1925இல் மார்ஸ்டன் கற்பித்த கல்லூரியிலே மாணவியாக இருந்தவர். சில ஆண்டுகளுக்குள் மார்ஸ்டன், எலிசபெத், ஒலிவ் என்னும் மூவரும் ஒரே குடும்பமாக வாழத் தொடங்கினர். இரு பெண்களும் இவ்விரு பிள்ளைகளைப் பெற்றனர். எலிசபெத் உத்தியோகத்துக்குச் சென்று ஊதியம் ஈட்டினார். ஒலிவ் நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். ரிச்சர்ட் என்னும் ஒருவரை மணந்து விதவையானதாக ஒலிவ் ஊராரிடம் சொல்லிவைத்தார். அப்பெயருடைய கணவர் எவரும் என்றும் இருந்ததில்லை. ஒலிவின் பிள்ளைகளை மார்ஸ்டன் சட்டப்படி சுவீகாரம் எடுத்துக்கொண்டார். ஆனால் அவரே தங்களைப் பெற்ற தந்தை என்பது அப்பிள்ளைகளுக்கு நெடுங்காலம் தெரியாது. பொய்யைக் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்டவரின் இல்லம் இவ்வாறு ஒரு புனைகதையின்மேல் நடந்தது. அந்நாளைய சமூகம் அக்குடும்பத்தை எவ்வாறு நடத்தியிருக்கும் என்பதை எண்ணினால் அவர்கள் மறைத்ததற்குக் காரணம் விளங்கும். எனினும், தந்தை யாரென்று வினவிய பிள்ளைகளுக்கு உண்மை மறுக்கப்பட்டதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

ஒலிவ் பேர்னின் தாய் எதெல் பேர்ன். எதெலின் தமக்கை மார்கரட் சாங்கர். இச்சகோதரியர் இருவருமே 1916ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் அமெரிக்காவின் முதலாவது குடும்பக் கட்டுப்பாட்டு நிலையத்தைத் திறந்தவர்கள். அதற்காக எதெல் சிறையிலிடப்பட்டு, 1917இல் உண்ணாவிரதம் இருந்து மரணத்தின் வாயில் வரை சென்று மீண்டார். சாங்கரின் புகழுக்கு ஊறு நேருமென்று இக்குடும்பத் தொடர்பும் மறைக்கப்பட்டது. ஒலிவ் தம் கைகளில் அகன்ற வளையல்களை அணிபவர். அற்புத மங்கையின் கைக்காப்புகளுக்கு அவையே முன்மாதிரி என்று 1942இல் அதே சஞ்சிகையில் வெளியான மற்றொரு கட்டுரை கூறுகிறது. அதை எழுதியவரும் 'ஒலிவ் ரிச்சர்ட்' தான்.

எலிசபெத்தின் வரலாறும் குறைந்ததன்று. சட்டம் பயில விரும்பியபோது தந்தை பணந்தர மறுத்தமையால், சமையற் புத்தகங்களை விற்றுப் பணந் தேடினார். ஹாவார்ட் சட்டக் கல்லூரி 1950 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே பொஸ்டன் பல்கலைக்கழகத்திற் பயின்று 1918இல் சட்டப் பட்டம் பெற்றார். இரத்த அழுத்த ஆராய்ச்சியில் கணவருடன் உழைத்தார். கணவரின் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதைத் தனித்துப் பிரித்துக் காணவொண்ணாது.

படங்களை வரைந்தவர் ஹரி பீட்டர். அப்போதே அறுபது வயதைக் கடந்தவர். இளமையில் 'ஜட்ஜ்' என்னும் நகைச்சுவைச் சஞ்சிகையில், மாதர் வாக்குரிமையை ஆதரித்த பக்கத்துக்கு லூ ரொஜர்ஸ் என்னும் பெண் ஓவியர் வரைந்த காலத்தில் அவரும் வரைந்தார். கட்டுக்களை அறுக்கும் பெண்ணின் ஓவியம் ஒன்றை ரொஜர்ஸ் 1912இல் வெளியிட்டார். அற்புத மங்கையும் அவ்வாறே அறுக்கிறாள். ஆடவன் ஒருவன் அவளுடைய கைக்காப்புகளிற் சங்கிலியைப் பிணைத்துவிட்டால் அவளுடைய வலிமை முழுவதும் போய்விடும். காப்புகளைக் கழற்றிவிட்டாலோ கட்டுக்கடங்காத வெறி பிடித்துவிடும். அவளுடைய பொற்கயிறு உண்மையைச் சொல்லவைக்கும் என்பது இன்று எவரும் அறிந்த செய்தி. 1942இல் அக்கயிறு முதன்முதல் தோன்றியபோது அதனுள் அகப்பட்டவர் அவள் சொல்வதற்கெல்லாம் கீழ்ப்படிவர் என்பதே அதன் ஆற்றல். உண்மை சொல்லுதல் அக்கீழ்ப்படிதலின் ஒரு பகுதி மாத்திரம். ஆகவே பொய்யறி கருவியே கயிறாக மாறிற்று என்ற பழக்கமான விளக்கம் அரைகுறையானது. உண்மைக் கயிறு என்னும் பெயரும் தன்மையும் பிற்காலத்திலே, சிறப்பாக 1987இல் ஜோர்ஜ் பெரஸ் கதையைப் புதுக்கியபோது, வலுப்பெற்றவை.

விடுதலையைக் காட்டவேண்டுமாயின் முதலிற் பிணைப்பைக் காட்டவேண்டும் என்பது மார்ஸ்டனின் வாதம். ஆனால் அவர் பிணைப்பிலே காட்டிய நுணுக்கமும் ஈடுபாடும் அவ்வாதத்தின் எல்லையைத் தாண்டிவிட்டன. பிள்ளைகளின் நூல்களை ஆராய்ந்த ஜோசற் பிராங்க் என்னும் அம்மையார் 1943இல் பதிப்பாளருக்குக் கடிதமெழுதிக் கண்டித்தார். பின்னர் ஆலோசனைக் குழுவிலிருந்தும் விலகினார். பத்திராதிபருள் ஒருவரான டொரதி ரூபிசெக், சங்கிலியின்றியே பெண்களை அடைத்துவைத்தற்குரிய வழிகளை ஒரு பட்டியலாகத் தயாரிக்கவேண்டியதாயிற்று. விற்பனை குறையாமல் சங்கிலிகளை மட்டும் பாதிக்கு மேலாகக் குறைக்கவேண்டும் என்பதே நோக்கம்! ஜோசற் பிராங்க் கூறியதில் நியாயம் இருந்தது. அன்றியும், அக்கதைகளில் யப்பானியரும் ஆபிரிக்கரும் வரையப்பட்ட விதம் போர்க்கால வெறுப்பையும் இனப் பாகுபாட்டையும் அப்படியே காட்டுகிறது. பெண்களின் சமத்துவம் பேசிய ஏட்டிலேயே மனிதரின் சமத்துவம் மறக்கப்பட்டிருந்தது.

அதே ஏட்டில் போற்றத்தக்கதும் உண்டு. 1942இல் அவளுடைய பெயரிலேயே தனிச் சஞ்சிகை தோன்றியபோது, 'வரலாற்றின் அற்புத மங்கையர்' என்னும் தொடர் அதிலே தொடங்கிற்று. டென்னிஸ் வீராங்கனை அலிஸ் மார்பிள் அதற்குத் துணைப் பத்திராதிபராக அமர்ந்தார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் முதலாகப் பல பெண்களின் வரலாறுகள் சித்திரங்களாய்ச் சிறுவரைச் சென்றடைந்தன. 1943இல், ஆயிரம் ஆண்டுக்குப் பிந்திய அமெரிக்காவில் அற்புத மங்கை ஜனாதிபதியாக நிற்பதாக ஒரு கதை வந்தது. இதற்கு முந்திய ஆண்டிலோ, மற்றோர் எழுத்தாளரின் கையில், வீரர் கழகத்திலே சேர்க்கப்பட்ட அவளுக்கு அளிக்கப்பட்ட பதவி காரியதரிசி. ஆடவர் போருக்குச் செல்ல, அவள் தங்கியிருந்து கூட்டக் குறிப்பு எழுதவேண்டும்.

1944இல் மார்ஸ்டன் இளம்பிள்ளைவாத நோயால் முடங்கினார். அதே ஆண்டு அவர் உதவியாளராக அமர்த்தியவர் அவருடைய மாணவி ஜோய் ஹம்மல், பத்தொன்பது வயது. விரைவிலே அவர் கதைகளைத் தாமாகவே எழுதத் தொடங்கினார். அவை சாள்ஸ் மோல்டனின் பெயரிலே வெளிவந்தன. 1947 மே மாதத்தில் மார்ஸ்டன் மறைந்தார். அதே ஆண்டு ஹம்மலும் விலகினார். அற்புத மங்கையின் பொறுப்பைத் தமக்குத் தருமாறு எலிசபெத் பதிப்பாளருக்கு எழுதினார். பொறுப்பு ரொபேட் கனிகர் என்பாருக்குச் சென்று, இருபது ஆண்டுகளுக்குமேல் அவரிடமே இருந்தது. 1949இல் வந்த ஓர் அட்டைப் படத்திலே ஸ்டீவ் ட்ரெவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடக்கிறான். விமானங்களையே தூக்கியவள் ஓடையைத் தாண்ட ஒருவன் தூக்கவேண்டியதாயிற்று. வரலாற்று மங்கையரின் இடத்தைத் திருமண வழக்கங்கள் பற்றிய பக்கங்கள் மெல்ல மெல்லப் பிடித்தன. போர் முடிந்து ஆடவர் திரும்பினர்; தொழிற்சாலைகளிலே வேலைசெய்த பெண்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர்; சித்திரக்கதையும் அவ்வழியே சென்றது.

1968இல் அவளுடைய ஆற்றல்கள் முற்றாகப் பறிக்கப்பட்டன. வெள்ளுடையணிந்து ஆடைக் கடை நடத்தும் சாதாரணப் பெண்ணாக அவள் மாற்றப்பட்டாள். புதுமை என்று கருதி அதைச் செய்தனர். ஆனால் அவளைச் சிறு வயதிற் படித்த பெண்கள் இப்போது வளர்ந்து, உரிமைக்குக் குரல் கொடுக்கும் தலைமுறையாகியிருந்தனர். குளோரியா ஸ்டைனமும் அவருடைய தோழியரும் நடத்திய 'மிஸ்' என்னும் சஞ்சிகையின் 1972 யூலை இதழின் அட்டையில் அற்புத மங்கை பழைய கோலத்தில் நகரத்தின்மேல் நடந்து வந்தாள். அவளை ஜனாதிபதியாக்குக என்பது அதன் தலைப்பு. 1973இல் அவளுடைய ஆற்றல்கள் மீண்டன. 1975 முதல் 1979 வரை லின்டா கார்ட்டர் நடித்த தொலைக்காட்சித் தொடர் அவளைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. சுழன்று சுழன்று உடை மாறும் அந்தப் புகழ்பெற்ற காட்சி நடிகையின் யோசனையே என்பர். 2017இல் பற்றி ஜென்கின்ஸ் என்னும் பெண் நெறியாளர் ஆக்கிய திரைப்படம் எண்பது கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று. இடையே, 2011இல், களிமண் பிறப்பை நீக்கி அவளைச் சேயுஸ் கடவுளின் மகளாக்கிவிட்டனர். திரைப்படமும் அதையே பின்பற்றியது. பலம் தந்தையிடமிருந்து வராத ஒரு மகளைப் படைத்தமையே மார்ஸ்டன் செய்த புதுமை. அதை மாற்றியோர் எதை இழந்தோமென்று எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

2016 ஒக்டோபரில், அவள் தோன்றிய எழுபத்தைந்தாம் ஆண்டிலே, ஐக்கிய நாடுகள் சபை அவளைப் பெண்களின் உயர்வுக்கான கௌரவத் தூதுவராக அறிவித்தது. விழா நடந்த மண்டபத்திலேயே சபை ஊழியர் சிலர் புறங்காட்டி நின்றனர். உயிருள்ள பெண் ஒருத்தி கிடைக்கவில்லையா என்று கேட்டு நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். இரண்டு மாதத்துக்குள் அப்பதவி முடிவுக்கு வந்தது.

உயிருள்ள பெண்களைப் பொறுத்தவரை, எலிசபெத் 1993இல் நூறாவது வயதில் மறைந்தார். மார்ஸ்டனின் மறைவுக்குப் பின்னும் ஒலிவும் அவரும் ஒரே வீட்டிலேயே வாழ்ந்தனர். அக்குடும்பத்தின் மறைந்த வரலாற்றை 2014இல் ஜில் லெப்போர் என்னும் வரலாற்றாசிரியை ஒரு நூலாக வெளியிட்டார். ஜோய் ஹம்மலைத் தேடிப் பேட்டி கண்டவர்களுள் அவரும் ஒருவர். சித்திரக்கதை எழுத்தாளருள் உரிய பெயர் பெறாதோர்க்கு வழங்கப்படும் பில் பிங்கர் விருது 2018இல் ஹம்மலுக்கு அளிக்கப்பட்டது; அன்று அவருக்கு வயது தொண்ணூற்று நான்கு. அதே ஆண்டு, மறைந்துவிட்ட டொரதி ரூபிசெக்குக்கும் அவ்விருது வழங்கப்பட்டது. ஹம்மல் 2021இல் காலமானார்.